சிகானோ மேடைக்கவிதை, ராப், பேட்டைப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிக-அமெரிக்கப் பேட்டைகளிலிருந்து எழும் மேடைக்கவிதையையும் ராப் பாடல்களையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். லூயிஸ் ஜே. ரோட்ரிகெஸ் என்ற கவிஞரை நடுவில் நிறுத்தியிருக்கிறேன். அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் ஆங்காங்கே வருவார்கள். மைக்கைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். தான் பேசி முடித்தபின் அடுத்த பிள்ளை வந்து நிற்க ஓர் அறையும் ஒரு மைக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனவர்கள் சிலரே. எனக்கு அந்தச் சிலர்மீதுதான் பெருமதிப்பு.

சிகானோ என்றால் யார்? மெக்சிகோக்காரரா, அமெரிக்கரா?

அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினர். ஆனால் அப்படிப்பட்ட எல்லோரும் தங்களைச் சிகானோ என்று சொல்லிக்கொள்வதில்லை. முன்பு அது ஏழை மெக்சிகரைக் குறிக்கும் வசைச்சொல்லாக இருந்தது. வசதியான மெக்சிகக் குடும்பங்களே அதைச் சொல்லிப் பிறரை மட்டம் தட்டின. 1960களில் இளைஞர்கள் அதே சொல்லை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே அது பிறப்பால் வருகிற பெயர் என்பதைவிட, ஒருவர் தெரிந்தே ஏற்றுக்கொள்கிற பெயர். பெண்பால் சிகானா.

பின்னணி 1848இல் இருக்கிறது. அமெரிக்காவுடன் நடந்த போரில் தோற்ற மெக்சிகோ, டெக்சஸையும் சேர்த்துத் தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. அங்கே குடியிருந்தவர்கள் வீட்டை விட்டு நகராமலேயே வேறொரு நாட்டின் குடிகள் ஆனார்கள். "எல்லையை நாங்கள் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று ஊர்வலங்களில் முழங்குவது இதைத்தான். பின்னாளில் வேலை தேடி வடக்கே வந்தவர்களும் அதே பேட்டைகளில்தான் குடியேறினார்கள்.

மேடைக்கவிதைக்கும் ராப்புக்கும் என்ன வேறுபாடு?

ஸ்போக்கன் வேர்ட் எனப்படும் மேடைக்கவிதை, வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதப்படுவது. அதில் தாளம் மூச்சிலும் சொல்லிலும் இருக்கிறது. ராப்பில் தாளம் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு தாள அடி கொண்ட சுற்றில் சொற்களை ஏற்றி இறக்க வேண்டும், பதினாறு சுற்றுகளில் ஒரு சரணம் முடிவது வழக்கம்.

கவிதைப் போட்டியான ஸ்லாம், சிகாகோவில் 1980களின் நடுவில் பிறந்தது. மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி 1986 முதல் கிரீன் மில் என்ற இசை விடுதியில் அதை வாரந்தோறும் நடத்தினார். விதிகள் எளியவை. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம், அதற்குமேல் பத்து விநாடி சலுகை உண்டு. வாத்தியம், வேடம், கையில் பொருள் எதுவும் கூடாது. பார்வையாளர்களிலிருந்து ஐந்து பேரைப் பிடித்து நடுவர்களாக்கி, பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு நடு மூன்றைக் கூட்டுவார்கள். நடுவருக்குக் கவிதை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கவிதை பேராசிரியர்களின் கையிலிருந்து தெருவுக்கு இறங்கியதற்கு அந்த ஒரு விதியே பெரிய காரணம் என்பேன்.

சிகானோக்களிடம் இந்த இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே இரவில் ஒரே ஆள் முதலில் தாளமின்றிக் கவிதை சொல்வார், பிறகு டிஜே வட்டு சுழற்ற ராப் பாடுவார். 1994இல் சான் டியேகோவில் சில இளைஞர்கள் 'டாக்கோ ஷாப் போயட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு டாக்கோ என்ற மெக்சிக உணவை விற்கிற கடைகளுக்குள்ளேயே கவிதை நடத்தினார்கள். இரவுப் பணி முடிந்து பசியோடு வருகிறவர்தான் அவர்களுடைய ரசிகர்.

இந்த வழக்கம் ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப்புடன்தான் தொடங்கியதா?

இல்லை, வேர் பழையது. 1965 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் இறங்கியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள். சில நாட்களில் மெக்சிகர்களும் சேர்ந்தார்கள். அங்கே லூயிஸ் வால்டெஸ் உருவாக்கிய 'டெயாட்ரோ காம்பெசினோ' நாடகக்குழு, தட்டையான லாரியின் பின்பகுதியைத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி மேடையாக்கியது. நடித்தவர்கள் தொழிலாளர்கள். கழுத்தில் 'முதலாளி', 'கருங்காலி' என்று எழுதிய அட்டை தொங்கும். வேறு வேடம் தேவைப்படவில்லை.

டென்வர் நகரில் ரொடோல்ஃபோ 'கோர்க்கி' கொன்சாலெஸ் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர் 1966இல் ஓர் உரிமை அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'யோ சோய் ஹொவாக்கீன்' என்ற நெடுங்கவிதையை எழுதினார். பண்டை மெக்சிகோவின் அஸ்தெக் மன்னன் முதல் பஞ்சம் பிழைக்க வந்த கூலி வரை எல்லாரும் நானே என்று ஒரே குரல் அதில் பேசும். பிரதியெடுத்துக் கையோடு கை மாறிப் போராட்டக் கூட்டங்களில் உரக்கப் படித்தார்கள். ஆயிரம் பேர் நடுவே ஒருவர் எழுந்து நின்று கவிதை சொல்வது என்ற வழக்கத்துக்கு அது பெரும் ஊக்கம் தந்தது.

லூயிஸ் ரோட்ரிகெஸ் யார்?

1954 ஜூலை 9இல் டெக்சஸின் எல் பாசோவில் பிறந்தவர். குடும்பம் எல்லை ஆற்றுக்கு அக்கரையில், மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் இருந்தது. அப்பா அங்கே பள்ளி முதல்வர். குடும்பம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த பிறகு அதே மனிதர் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் துப்புரவும் எடுபிடி வேலையும் பார்த்தார். முதல்வராக இருந்தவர் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இவர்.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதிப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தபோது இவருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். ஆசிரியைக்கு இவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. வகுப்பின் கடைசி மூலையில் உட்காரவைத்து, விளையாட்டுக் கட்டைகளைக் கொடுத்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள்; இவர் கட்டைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அந்த ஆண்டின் பெரும்பகுதி அப்படியே போயிற்று. இதை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் அரசவைக் கவிஞராக 2014 முதல் 2016 வரை இவரைத்தான் வைத்திருந்தது. அந்த மூலையையும் கட்டைகளையும் நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தெருக்கும்பலில் இருந்தவர் என்கிறார்களே?

உண்மை. பதினொரு வயதில் கும்பலில் சேர்ந்தார், பன்னிரண்டில் போதைப்பொருள். பதினைந்தில் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். சிலகாலம் கார் நிறுத்தும் கொட்டகையில் தங்கினார். பதினெட்டு வயதாவதற்குள் தன் நண்பர்கள் இருபத்தைந்து பேர் செத்துப்போனார்கள் என்று எழுதுகிறார். எதிர்க்கும்பலின் துப்பாக்கி, காவல்துறையின் துப்பாக்கி, போதை, கார் விபத்து, தற்கொலை எல்லாம் அதில் அடக்கம். வீடில்லாத நாட்களில் நகர மைய நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தார். புத்தகம் அவருக்கு முதலில் ஒதுங்க ஓர் இடமாகத்தான் அறிமுகமாயிற்று.

அதே ஆண்டுகளில் அரசியலும் வந்தது. 1968 மார்ச் மாதம் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளின் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஸ்பானியம் பேசினால் தண்டனை, கல்லூரிக்கு வழியில்லாத படிப்பு, இடிந்த கட்டடங்கள் ஆகியவை அவர்கள் எழுப்பிய குறைகள். 1970 ஆகஸ்ட் 29இல் வியட்நாம் போரை எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிகானோக்கள் ஊர்வலம் போனார்கள். போரில் தங்கள் பிள்ளைகள் மக்கள்தொகை விகிதத்தை மீறிச் சாகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. காவல்படை கூட்டத்தை அடித்துக் கலைத்தது. ஒரு மதுக்கடைக்குள் உட்கார்ந்திருந்த புகழ்பெற்ற பத்திரிகையாளர் ரூபன் சலசார், ஷெரீஃப் படையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி அங்கேயே இறந்தார். பதினாறு வயது ரோட்ரிகெஸ் அன்று கைதானவர்களில் ஒருவர்.

கும்பலிலிருந்து கவிதைக்கு எப்படி வந்தார்?

ஒரே நாளில் நடந்த மாற்றமாக அவர் எங்கும் சொல்வதில்லை. ஓர் இளைஞர் நலப் பணியாளர் விடாமல் கூடவே நின்றார். சிறைக்குள் கிறுக்கியவை குறிப்பேட்டில் சேர்ந்தன. பதினெட்டு வயதில் ஓர் இலக்கியப் போட்டியில் சிறு பரிசு கிடைத்து பெர்க்லிக்குப் போனார். அங்கேதான் முதன்முதலாகக் கவிதை வாசிப்பைக் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் மூவர்: சிகானோ கவிஞர் ஹோசே மொன்டோயா, கறுப்பினக் கவிஞர் டேவிட் ஹென்டர்சன், போர்ட்டோரிக்கோக் கவிஞர் பெத்ரோ பியெத்ரி. தெருவில் தான் பேசுகிற பேச்சு மேடையில் நிமிர்ந்து நிற்பதை அன்று கேட்டார்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ அதே நேரத்தில், காவலருடன் நடந்த மோதல் வழக்கில் அவருக்கு ஆறாண்டுச் சிறை கிடைக்கும் நிலை இருந்தது. பேட்டை மக்கள் நீதிபதிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். தண்டனை சில மாதங்களாகக் குறைந்தது. பேட்டைக்குத் தான் கடன்பட்டவன் என்று பின்னால் அவர் சொல்வது ஏதோ மேடை மரியாதைக்காக அல்ல. அந்தக் கடிதங்கள் அத்தனையும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன.

அதன்பின் நான்காண்டுகள் எஃகு ஆலை வேலை. லாரி ஓட்டினார், காகித ஆலையில், வார்ப்படச்சாலையில் உழைத்தார். 1980இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் வாரப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1985இல் சிகாகோ போனபோது அங்கே மேடைக்கவிதை இயக்கம் அப்போதுதான் கொதிநிலைக்கு வந்துகொண்டிருந்தது. நேராக அதற்குள் போய் இறங்கினார்.

சிகானோ ராப்பின் ஆரம்பம் எது?

ஒரு மெட்டின் கதையைச் சொன்னால் விளங்கும். ஜெரால்ட் வில்சன் என்ற கறுப்பின ஜாஸ் இசைஞர், ஒரு மெக்சிகக் காளைச்சண்டை வீரரைப் பார்த்து வியந்து 'விவா திராடோ' என்ற மெட்டை அமைத்தார். 1970இல் எல் சிகானோ என்ற கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழு அதை வாசித்து நாடறியச் செய்தது. 1990இல் கிட் ஃபிராஸ்ட் என்ற ராப் பாடகர் அந்த வாசிப்பை எடுத்துச் சுழலவிட்டு, அதன்மேல் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேட்டைமொழியும் கலந்து 'லா ராசா' என்ற பாடலைப் பாடினார். ராசா என்றால் இனம், நம்மாட்கள். மெக்சிகரைப் பார்த்து கறுப்பினத்தவர் செய்த மெட்டு, சிகானோக்களின் கையில் இருபதாண்டு தங்கி, கறுப்பினத்தவர் கண்டுபிடித்த பாட்டுமுறையில் ஏறித் திரும்பியது. ஒரே நகரத்தின் ஏழைப் பேட்டைகள் ஒன்றின் பாட்டை மற்றொன்று கேட்டு வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கும் முன்னால் 1948இல் டான் டோஸ்டி குழு வெளியிட்ட 'பச்சூக்கோ பூகி' இருக்கிறது. அதில் பாதி பாட்டு, பாதி பேச்சு. தாளத்தின்மேல் இளைஞர்கள் பேட்டைமொழியில் அரட்டையடிப்பார்கள். ராப் என்ற பெயர் இல்லையே தவிர, காதுக்கு அது ராப்பின் பெரியப்பா போலத்தான் கேட்கிறது.

பேட்டைமொழி என்றால்?

அதன் பெயர் காலோ. ஜிப்சிகள் எனப்படும் ஸ்பெயின் நாட்டு ரோமா மக்களின் சொற்கள், பழைய ஸ்பானியம், மெக்சிகப் பூர்வகுடிச் சொற்கள், ஆங்கிலம் எல்லாம் கரைந்த கலவை. 1930, 40களில் அகன்ற கால்சட்டையும் நீண்ட கோட்டும் அணிந்து திரிந்த பச்சூக்கோ இளைஞர்கள் அதைத் தங்கள் அடையாளமாக்கினார்கள். 1943 ஜூனில் அமெரிக்கக் கடற்படையினர் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் அந்த உடையணிந்த இளைஞர்களைத் தேடித்தேடி அடித்து உடையை உருவினார்கள். அடிபட்டவர்களைத்தான் காவல்துறை கைது செய்தது. உடைக்கும் பேச்சுக்கும் அடிவாங்கிய ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதே பேச்சில் மேடையில் கவிதை சொல்கிறார்கள். ஒரு வரியில் மொழி இரண்டுமுறை மாறும். அதை அரைகுறை மொழி என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் இருந்தன. கவிஞர்களுக்கு அது இரண்டு கையாலும் எழுதுவது மாதிரி.

பேட்டைப் பணி என்கிறீர்களே, திட்டவட்டமாக என்ன செய்தார்கள்?

ரோட்ரிகெஸ் 1989இல் சிகாகோவில் தியா சுச்சா என்ற பதிப்பகத்தைத் தன் முதல் கவிதைத் தொகுப்போடு தொடங்கினார். மேடையில் கொடிகட்டிப் பறந்தும் பெரிய பதிப்பகங்கள் கண்டுகொள்ளாத கவிஞர்களை அது அச்சில் கொண்டுவந்தது. தேசிய ஸ்லாம் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்ற பட்ரிஷியா ஸ்மித்தின் முதல் தொகுப்பு 1991இல் இங்கேதான் வெளிவந்தது. பின்னாளில் தேசியப் புத்தக விருது பெற்ற டெரன்ஸ் ஹேஸின் முதல் தொகுப்பும் இதன் வெளியீடே. இவர்கள் கறுப்பினக் கவிஞர்கள் என்பதைக் கவனியுங்கள். சிகானோ பதிப்பகம் என்பதற்காகக் கதவைச் சிகானோக்களுக்கு மட்டும் திறந்துவைக்கவில்லை.

2000இல் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பி, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வடகிழக்கில் குடியேறினார். பக்கோய்மா, சில்மார் போன்ற பகுதிகள். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் மெக்சிக, மத்திய அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள். பக்கத்து வான் நைஸில் இருந்த பெரிய கார் தொழிற்சாலை 1992இல் மூடப்பட்டிருந்தது. அங்கே ஒரு புத்தகக்கடைகூட இல்லை. ஐந்து லட்சம் பேருக்கு ஒரு கடை இல்லை என்பதை இரண்டுமுறை படித்துப் பாருங்கள்.

அவரும் மனைவி டிரினியும் 2001இல் சில்மாரில் ஒரு வணிக வளாகத்துக்குள் தியா சுச்சா பண்பாட்டுக் காப்பிக்கடையைத் திறந்தார்கள். புத்தகம், காப்பி, சுவரில் ஓவியம், ஒரு மூலையில் மைக். பின்னர் அது லாபநோக்கற்ற பண்பாட்டு மையமானது. வெள்ளி இரவுகளில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிவிட்டு மேடையேறலாம். கவிதை சொல்கிற பாட்டியும் ராப் பாடுகிற பையனும் ஒரே தாளில் அடுத்தடுத்துப் பெயர் எழுதுவார்கள். மெக்சிகப் பூர்வகுடி நடனம், கித்தார், ஓவியம், நாடகம், எழுத்துப் பட்டறை எல்லாம் நடந்தன. ஆண்டுதோறும் புத்தகமும் இசையும் கலந்த தெருவிழா. 2007இல் வாடகை ஏறியதால் அந்த இடத்தைக் காலிசெய்ய நேர்ந்தது. வேறிடத்தில் சிறிதாகச் சிலகாலம் நடத்தி, மறுபடி சில்மாருக்கே வந்தார்கள்.

இதோடு சிறைச்சாலைகள். நாற்பதாண்டுகளாகச் சிறைகளிலும் சிறார் காவல் இல்லங்களிலும் போய்க் கவிதை கற்பித்து வருகிறார். அவருக்கு முன்னோடி டெக்சஸின் ராவுல் சலினாஸ். பல சிறைகளில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவர். 1969இல் கேன்சஸின் லெவன்வொர்த் சிறையில் உட்கார்ந்து, தான் வளர்ந்த பேட்டையின் ஒவ்வொரு சந்துபொந்தையும் நினைவிலிருந்து எழுப்பி ஒரு நெடுங்கவிதை எழுதினார். வெளியே வந்தபின் ஆஸ்டினில் ரெசிஸ்டென்சியா என்ற புத்தகக்கடையை நடத்தி, 2008இல் மறையும்வரை பேட்டைப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தார். ஜாஸ் வாத்தியத்தோடு அவர் கவிதை சொல்லும் பதிவுகள் கிடைக்கின்றன.

புகழ்பெற்ற ராப் பாடகர்கள் இப்படிப் பேட்டையில் இறங்கியது உண்டா?

ராக்கும் ராப்பும் கலந்து பாடும் ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் குழுவின் குரலான சாக் டி லா ரோச்சாவைச் சொல்ல வேண்டும். 1970இல் லாங் பீச்சில் பிறந்தவர். தந்தை பெட்டோ டி லா ரோச்சா, 'லாஸ் ஃபோர்' ஓவியர் குழுவில் ஒருவர். 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலை அருங்காட்சியகத்துக்குள் சிகானோ ஓவியத்தை முதலில் கொண்டுபோனது அந்தக் குழுதான். பெற்றோர் பிரிந்தபின் சாக் வெள்ளையர் மிகுந்த இர்வைன் ஊரில் தாயோடு வளர்ந்தார்.

1990களின் நடுவில், குழுவின் இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்ற காலத்தில், ஹைலண்ட் பார்க் பேட்டையில் மக்கள் மையம் ஒன்றை உருவாக்குவதில் முன்நின்றார். அதற்கு ரெஹெனெராசியோன் என்று பெயர். அது 1900இல் ரிக்கார்டோ ஃபுளோரெஸ் மகோனும் கூட்டாளிகளும் தொடங்கிய மெக்சிகப் புரட்சிப் பத்திரிகையின் பெயர். மகோன் அமெரிக்கச் சிறையில் 1922இல் இறந்தார். எந்தச் சிறை தெரியுமா? சலினாஸ் கவிதை எழுதிய அதே லெவன்வொர்த்.

1994 ஜனவரி 1இல் மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் சபாடிஸ்டா இயக்கத்துப் பூர்வகுடிகள் கிளர்ந்தெழுந்த பிறகு சாக் பலமுறை அங்கே போய்வந்தார். இளம் சிகானோ கலைஞர்கள் பலரும் அந்தப் பயணங்களில் கலந்துகொண்டார்கள். 2010இல் அரிசோனா மாநிலம், காவலர் தடுத்து நிறுத்தியவர் ஆவணமில்லாதவர் என்று சந்தேகம் எழுந்தால் அவருடைய குடியேற்ற நிலையைச் சோதிக்க வேண்டும் என்ற சட்டத்தை இயற்றியபோது, அங்கே நிகழ்ச்சி நடத்த மறுக்கும் கலைஞர்களை அவர் ஒன்றுதிரட்டினார்.

பெரிய நிறுவனத்தின் வெளியீட்டில் பாடிக்கொண்டு புரட்சி பேசுவது முரணில்லையா?

முரண்தான். பன்னாட்டு நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டின் வழியாகத்தான் சபாடிஸ்டாக்களின் பெயர் பல இளைஞர்களின் காதில் விழுந்தது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், பாட்டைக் கேட்டுக் குதித்துவிட்டு அதன் சொல்லை மறந்தவர்கள் அதைவிட அதிகம். ஹைலண்ட் பார்க் மையம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே ஒத்திகை பார்த்த, கூடிப்பேசிய இளைஞர்கள் பலர் பிறகு தங்கள் குழுக்களையும் மையங்களையும் நடத்தினார்கள். அதை வைத்தே அந்த முயற்சியை எடைபோடுகிறேன்.

பெண்கள் இதில் எங்கே இருக்கிறார்கள்?

இயக்கத்தின் மேடைகளில் நீண்டகாலம் ஆண்குரலே ஓங்கியிருந்தது. சமையலும் துண்டறிக்கை அச்சும் பெண்களிடம் விடப்பட்டன. இதைச் சிகானா எழுத்தாளர்களே 1970களிலிருந்து வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார்கள். 1997இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 'முஹெரெஸ் டி மாயிஸ்', அதாவது மக்காச்சோளப் பெண்கள் என்ற கலைக் கூட்டமைப்பு தொடங்கியது. கவிதை, பாட்டு, ஓவியம், கைப்பிரதி இதழ் என்று பெண்களே நடத்தும் மேடை. டெக்சஸின் அமாலியா ஓர்ட்டிஸ் ஸ்லாம் மேடைகளிலிருந்து எழுந்து, 2002 முதல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வந்த 'டெஃப் போயட்ரி' நிகழ்ச்சியில் தோன்றினார். ஹுவாரெஸில் 1993 முதல் நூற்றுக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்கள், கொல்லப்பட்டதைப் பற்றி அவர் சொல்லும் கவிதையை இரவில் தனியாகக் கேட்காதீர்கள். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அரசாங்கம் இதையெல்லாம் பொருட்படுத்துகிறதா?

அரிசோனாவின் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிக-அமெரிக்க வரலாறும் இலக்கியமும் கற்பிக்கும் பாடத்திட்டம் இருந்தது. அதை ஒழிக்க 2010இல் மாநிலம் சட்டம் இயற்றியது. 2012இல் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. பின்னர் நீதிமன்ற ஆணையின்பேரில் வேறு வடிவில் பாடங்கள் வந்தன. 2015 ஜனவரியில், பதவியிலிருந்து இறங்கும் மாநிலக் கல்வி அதிகாரி அவையும் சட்டமீறல் என்று அறிவித்தார். அவர் காட்டிய ஆதாரங்களில், கே.ஆர்.எஸ்.-ஒன் என்ற ராப் பாடகர் ஹிப்-ஹாப்புக்கு எழுதிய அறிமுகமும், ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் பாடல் ஒன்றும் இருந்தன. வகுப்பறையில் ஒரு பாட்டு மாநில அதிகாரியின் உத்தரவில் இடம்பெறும் அளவுக்குப் பொருட்படுத்தப்பட்டது. 2017இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், 2010 சட்டம் இனப்பகை நோக்கோடு நடைமுறைப்படுத்தப்பட்டது, அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்.

ரோட்ரிகெஸ் தேர்தலில் நின்றாரா?

2014இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் பசுமைக் கட்சியின் ஆதரவோடு போட்டியிட்டார். முதற்கட்டத்திலேயே தோற்றார்.

உண்மையைச் சொல்லுங்கள், கவிதையால் வன்முறை நிற்குமா?

இந்தக் கேள்வியை அவரிடமே வாழ்க்கை கேட்டுவிட்டது. சிகாகோவில் அவருடைய மூத்த மகன் பதினைந்து வயதில் கும்பலில் சேர்ந்தான். அந்த மகனைத் தடுக்கத்தான் தன் கும்பல் வாழ்க்கையை நினைவுக்குறிப்பாக எழுதி 1993இல் வெளியிட்டார். புத்தகம் பல லட்சம் கைகளுக்குப் போயிற்று. பள்ளி நூலகங்களிலிருந்து அதை நீக்கச் சொல்லிப் பல ஊர்களில் வாதாடினார்கள். நூலகங்களிலிருந்து அடிக்கடி திருடப்படும் புத்தகம் என்ற பெயரும் எடுத்தது. ஆனால் யாருக்காக எழுதினாரோ அந்த மகன் நீண்ட சிறைத்தண்டனைக்குப் போனார். 2010இல்தான் வெளியே வந்தார். தகப்பன் அந்த ஆண்டுகள் முழுக்கச் சிறைக்குப் போய்ப் பார்த்துவந்தார். இரண்டாவது நினைவுக்குறிப்பில், தான் எப்படிப்பட்ட தகப்பனாக இருக்கத் தவறினேன் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆகவே கவிதை குண்டைத் தடுக்கும் என்று அவர் சொல்வதில்லை. ஒரு பிள்ளைக்குக் கும்பல் என்ன கொடுக்கிறது என்று கேட்கிறார்: பெயர், கூட்டம், தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற உணர்வு. அதையே வேறோர் இடம் கொடுத்தால்தான் பிள்ளை அங்கே வரும். வேலையும் வேண்டும், போதை மீட்பும் வேண்டும், மூத்தவர்கள் கூடவே நிற்கவும் வேண்டும். கும்பலை ஒடுக்கப் பணம் கொட்டும் அரசாங்கம் இவற்றுக்குக் கை விரிக்கிறது என்பது அவர் பல்லாண்டாக வைக்கும் குற்றச்சாட்டு. லாஸ் ஏஞ்சலிஸில் பேட்டை மக்களை வைத்தே கும்பல் மோதலைத் தணிக்கும் முறையை வகுத்த குழுவில் அவரும் இருந்தார். நகர மன்றம் 2008இல் அதை ஏற்றது.

மொழி தெரியாமல் எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

காலவரிசையில் போகாதீர்கள். முதலில் எல் சிகானோவின் 1970 மெட்டைக் கேளுங்கள், உடனே கிட் ஃபிராஸ்டின் 1990 பாட்டு. பிறகு டான் டோஸ்டிக்குப் பின்னோக்கிப் போங்கள். மேடைக்கவிதைக்கு ரோட்ரிகெஸே இசையோடு கவிதை சொல்லி 2002இல் வெளியிட்ட தொகுப்பு நல்ல வாசல். அவர் உச்சரிப்பு நிதானமானது, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும். ஸ்பானியச் சொல் வரும் இடத்தில் நிறுத்திப் பொருள் தேடாமல் ஒருமுறை முழுதும் ஓடவிடுங்கள்.

தியா சுச்சா என்பது யார் பெயர்?

தியா என்றால் அத்தை அல்லது சித்தி. சுச்சா என்பது செல்லப்பெயர். ரோட்ரிகெஸின் உறவில் அப்படி ஒருவர் இருந்தார். கித்தார் வாசிப்பார், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார், கவிதை எழுதுவார், வீட்டிலேயே வாசனைத் திரவியம் தயாரித்துப் பரிசாகக் கொண்டுவருவார். அந்த வாசனை சகிக்க முடியாதது என்று மருமகன் கவிதையில் எழுதியிருக்கிறார். குடும்பத்தார் அவரைக் கிறுக்கு என்றார்கள். பிள்ளைகளுக்கு அவர் வருகிற நாள் திருநாள். எந்த மேடையும் ஏறாத, ஒரு வரியும் அச்சில் வராத அந்த அம்மாளின் பெயர் சில்மாரில் கடை வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது.